ஏழாம் எண் வீட்டின் கை

சுண்ணாம்புச் சந்து வீட்டுக்காரர் சபையின் தலைவர் கமாலுதீன், இறந்த பிறகு மூன்று வருஷமும் இரண்டு மாதமும் தலைவராகவே இருந்தார். அந்தக் காலத்தில் ஒரு கூட்டத்துக்குக்கூட அவர் தாமதமாக வந்ததில்லை. உயிரோடு அவர் கடைசியாகச் செய்த காரியம், 1931 அக்டோபர் முதல் சனிக்கிழமை காலை, ஐந்தாம் எண் தங்கராஜுவின் ஆட்டைப் பார்த்துச் சிரித்தது. தீபாவளிக்காக அந்த வாரம்தான் சந்தின் சுவர்களுக்கெல்லாம் வெள்ளை அடித்திருந்தோம். ஈரச் சுவரில் உரசி உரசி ஆட்டின் ஒரு பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு. "தங்கராஜு, நாம வெள்ளை அடிச்சது செவுத்துக்கா, ஒன் ஆட்டுக்கா?" என்று கேட்டார். "வெயில்ல நிக்கிற சீவன் பாய், வெள்ளையா இருந்தா குளிர்ச்சிதான்லா" என்றான் தங்கராஜு. இருவரும் சிரித்தார்கள். கமாலுதீன் உள்ளே போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலம் நாலரைக்குக் கூட்டத்துக்கு எழுந்து வந்தார். இடையில் எப்போதோ இறந்திருக்கிறார். அன்றைய நிகழ்ச்சி நிரலில் சாக்கடை முதல் பொருள், ஆடு இரண்டாவது, அவருடைய மரணம் மூன்றாவது.

சூலியாத் தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் பிரியும் அந்தச் சந்தில் பதினோரு வீடுகள். எல்லாம் ஒரே அரபு வியாபாரிக்குச் சொந்தமாக இருந்தவை. 1908இல் அவர் தம் நாட்டுக்குத் திரும்பும்போது, குடியிருந்தவர்களுக்கே ஒவ்வொன்றாக விற்றுவிட்டுப் போனார். வாடகைக்கு இருந்தவரை யாருடைய கவலையாகவும் இல்லாத சாக்கடை, வீடுகள் சொந்தமான மறுவாரமே எல்லாருடைய சண்டையாகவும் ஆயிற்று. மேட்டு வீட்டுக்காரர் கழுவிய மீன் தண்ணீர் பள்ளத்து வீட்டு வாசலில் தேங்கியது. அடுத்த வருஷம் சபை பிறந்தது. இரண்டாம் எண் சீனி முகம்மது தலைவர். எட்டாம் எண் வீட்டுக்காரனும் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியுமான நான் செயலாளர். எழுத்து தெரிந்தவன் என்பதால் விதிகளை எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. நோன்புப் பெருநாளுக்கு ஒரு முறை, தீபாவளிக்கு ஒரு முறை வெள்ளை அடிக்க வேண்டும். வீட்டு முகப்பின் அஞ்சடி நடைபாதையில் மூட்டை அடுக்கக் கூடாது. எந்தக் காரியமும் பதினோரு வீட்டின் கையும் உயர்ந்தால்தான் நடக்கும். இவற்றோடு, எனக்கே நல்ல யோசனையாகத் தோன்றிய ஒன்றையும் சேர்த்தேன்: எந்த வீட்டுக்காரரும் எந்தப் பொருளையும் அடுத்த கூட்டத்துக்கு வைக்கச் சொல்லலாம். காரணம் கேட்கக் கூடாது. எத்தனை முறை என்ற கணக்கும் கிடையாது. தினமும் முகத்தில் விழிக்கிற மனிதர்கள் ஒருவருக்கொருவர் "முடியாது" என்று நேருக்கு நேர் சொல்ல வேண்டாமே என்றுதான் அப்படி எழுதினேன். எல்லாருக்கும் அது பிடித்திருந்தது.

கை என்பது வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. ஏழாம் எண் வீடு சித்தி ஹாஜராவின் பெயரில் இருந்தது. கல்யாணத்தின்போது அவருடைய வாப்பா எழுதிக் கொடுத்தது. ஆகையால் அவர் கணவர் கமாலுதீன், சீனி முகம்மதுவுக்குப் பிறகு தலைவராகி இருபது வருஷம் சபையை நடத்தியும், அவருக்கென்று ஒரு கை கிடையாது. பொருளை வாசிப்பார், கைகளை எண்ணுவார், அவ்வளவுதான். சந்தின் நடுவில் பெஞ்சு போட்டு ஆண்கள் உட்காருவோம். ஹாஜராவும் பத்தாம் எண் ரோஹானாவும் மாடி ஜன்னலின் பலகையைத் திறந்து கையை மட்டும் வெளியே நீட்டுவார்கள். கமாலுதீன் அண்ணாந்து பார்த்து, "ஏழு வந்தாச்சு, பத்து வந்தாச்சு" என்பார். ஏழாம் எண் கையில் வளையல்கள் உண்டு. அந்தச் சத்தம் கேட்டால் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று சந்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

சபை சொல்லாமல் சந்தில் எதுவும் நடப்பதில்லை என்பது 1912 மழைக்காலத்தில் தெரிய வந்தது. கூரை விளிம்புத் தகரங்களைச் சுத்தம் செய்யும் பொருளை மூன்றாம் எண்காரர், ஏணி கிடைக்கவில்லை என்று அடுத்த கூட்டத்துக்கு வைத்திருந்தார். ஊரெங்கும் மழை கொட்டியது. சூலியாத் தெருவில் ரிக்‌ஷாவின் அச்சு முங்கத் தண்ணீர் ஓடியது. எங்கள் சந்தில் மட்டும் இருபத்தாறு நாள் ஒரு சொட்டு விழவில்லை. ரிக்‌ஷாக்காரர்கள் சட்டையை உலர்த்த எங்கள் சந்துக்கு வந்து நின்றார்கள். கூட்டத்தில் கைகள் உயர்ந்தபோது மணி நாலு ஐம்பது. மழை வந்தபோதும் நாலு ஐம்பது. சீனி முகம்மது குடையை விரித்து, "இனிமே ஏணியை வாங்கி வச்சிக்கிட்டுக் கூட்டத்துக்கு வாங்கப்பா" என்றதோடு சரி. பிறப்புக்கும் சபையின் கை வேண்டியிருந்தது. தங்கராஜுவின் மனைவி புஷ்பவள்ளிக்கு வலி எடுத்தபோது அவன் கடல் தாண்டி அக்கரையில், நிபோங் திபாலில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தான். பதினோரு கை சேரவில்லை. ஆள் அனுப்பி, ரயிலிலும் படகிலும் அவனைக் கொண்டுவந்து சேர்த்துக் கை தூக்கவைத்த பிறகே குழந்தை பிறந்தது. புஷ்பவள்ளி அவனை ஒரு வருஷம் திட்டினாள்.

மரணமும் அப்படித்தான் வந்தது. நிரல் தாளை ஒவ்வொரு கூட்டத்தன்றும் காலையில் நான் எழுதித் தலைவரிடம் கொடுப்பேன். சில நாள் மாலையில் அதில் நான் எழுதாத ஒரு வரி இருக்கும். எழுத்து என்னுடையதுதான். மை மட்டும் சற்று ஈரமாக இருக்கும். முதலில் வந்த வரி சீனி முகம்மதுவுடையது. அவர் அன்று காலையே இறந்துவிட்டிருந்தார். ஆனால் உடம்பு அதை ஏற்காமல் நடமாடிக்கொண்டிருந்தது. தாளை அவரே வாசித்தார். "சரி, நம்ம பேருதான்" என்றார். வீடு அவர் பெயரில் இருந்ததால் மூத்த மகன் அவருக்காகக் கை தூக்கினான். அவர் பெஞ்சிலேயே சாய்ந்தார். அதன்பின் பதினைந்து வருஷத்தில் சந்தில் பெரியவரும் குழந்தையுமாக ஒன்பது பேர். அழுகை இருந்தது. ஆனால் யாரும் ஒரு மாதத்துக்கு மேல் தள்ளி வைத்ததில்லை.

என் மனைவி வடிவம்மாளின் வரி 1924 ஜூலையில் வந்தது. பத்து நாள் காய்ச்சல். அன்று மத்தியானம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டது என்று எனக்குச் சந்தோஷம். எழுந்து அடுப்படிக்குப் போய், "ராத்திரிக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். "வெங்காயக் குழம்பு வை" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்கு வந்தேன். அன்றைக்குச் சாக்கடை மூடி, தெரு விளக்கு, சந்தில் திரியும் சொறிநாய், நான்காவதாக அவள். கை உயர்ந்தது. முதலில் உயர்ந்தது என் கைதான் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். உள்ளே போனபோது அவள் அடுப்படியில் படுத்திருந்தாள். பக்கத்தில் முறத்தில் பாதி உரித்த வெங்காயம். துக்கத்துக்கு வந்தவர்கள் என் திடத்தைப் பேசினார்கள். மனைவிக்கே முதல் கையைத் தூக்கியவன், சபைக்காரன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்றார்கள். ஜெலுத்தோங்கிலிருந்து வந்த என் மைத்துனன்கூட அதைச் சொல்லித்தான் அழுதான்.

கமாலுதீன் தம்முடைய பெயரை வாசித்தபோது பத்துக் கைகள் தயங்கித் தயங்கி மேலே போயின. எல்லாரும் ஏழாம் எண் ஜன்னலைப் பார்த்தோம். பலகை திறந்தது. கை வரவில்லை. குரல் வந்தது: "அடுத்த கூட்டத்துக்கு வைங்க." காரணம் கேட்கக் கூடாது என்று விதி. நான் எழுதிக்கொண்டேன். அடுத்த மாதமும் அதையே சொன்னார். அதற்கு அடுத்த மாதமும். இப்படி முப்பத்தெட்டு முறை என் கையெழுத்தில் ஒரே வரி: ஏழாம் எண் கமாலுதீன், இறப்பு, அடுத்த கூட்டத்துக்கு.

பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டதற்கு, கை உயராதவரை அவர் மேல் தமக்கு ஒரு வேலையும் இல்லை என்று சொல்லிவிட்டார். கமாலுதீன் வழக்கம்போல் தம் பாக்குக் கடைக்குப் போனார். எடை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. கடைத் தராசில் மாதம் ஒரு முறை அவரே ஏறி நின்று பார்ப்பார். இறந்த மாதம் நூற்றுப்பத்துக் காத்தி; ஒரு காத்தி ஒரு ராத்தலுக்குச் சற்று மேல். ஒரு வருஷத்தில் அறுபத்தொன்று. இரண்டாம் வருஷ முடிவில் பத்தொன்பது. அதற்கு மேல் கடைக்குப் போக முடியவில்லை. கடற்காற்று அடிக்கும் நாளில் சூலியாத் தெரு முனையைத் தாண்டுவது அவருக்கு ஆபத்தாகிவிட்டது. ஹாஜரா அவரை மாடியில் உட்காரவைத்து மடியில் அம்மிக் குழவியை வைத்தார். கூட்டத்துக்கு வரும்போது தங்கராஜு அவருடைய கைலி முனையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பான். "பாய், பட்டம் விடுறாப்பில இருக்குலா" என்பான். "நூலை விட்டுடாதடா, அக்கரையில போய் எறங்குனா அங்க எனக்கு எந்தச் சபையும் இல்ல" என்பார் கமாலுதீன். சிரிப்போம். ஆடு விஷயமும் அந்த வருஷங்களில்தான் தீர்ந்தது. இறந்தவர் வந்து கேட்டால் மறுக்க முடியவில்லை என்று தங்கராஜு அதை விற்றுவிட்டான்.

ஹாஜரா சந்தோஷமாக இருந்தார் என்றே சொல்ல வேண்டும். ஜன்னலில் இருவர் குரலும் கேட்கும். பசாரில் மீன் வாங்கி வந்து, அவர் சாப்பிடாவிட்டாலும் அவருக்குப் பிடித்த மாதிரி புளி கூட்டிக் காய்ச்சுவார். "வாசம் எப்படிங்க?" என்று கேட்பதும், "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்று அவர் வாசத்தை வைத்தே சொல்வதும் எங்கள் வீட்டுச் சுவர் வழியாக எனக்குக் கேட்கும். சுவர் ஒன்றுதான். என் பக்கம் யாரும் பேச மாட்டார்கள். அந்த மூன்று வருஷமும் மத்தியானங்களில் நான் அந்தச் சுவர் ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

1934 நவம்பரில் ஒருநாள் கமாலுதீன் என்னை மாடிக்கு அழைத்தார். அப்போது அவர் எடை மூன்று காத்தி. ஒரு சேவல் அதைவிடக் கனக்கும். "ராமதாசு, எனக்குத் தூக்கம் வேணும்" என்றார். "மூணு வருஷமா கண்ணை மூடறேன். உள்ள வெளிச்சமாவே இருக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். நோன்பு வருது. மூணு நோன்பு பசிக்காமலே பிடிச்சிட்டேன். அவ பசியோட ஒக்காந்து பேரீச்சம்பழத்தை எடுக்கறா, நானும் ஒண்ணை எடுத்து வெரலுக்குள்ள வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். பசிக்காதவன் நோன்பு யாரை ஏமாத்துறதுக்கு? நாலாவதும் என்னால முடியாது. நீ போய் ஹாஜராகிட்ட பேசு. கேக்குறதுக்கு ஒனக்குத்தான் தகுதி இருக்கு. வடிவுக்கு மொதல் கை நீதான் தூக்குனே."

நான் இறங்கி வந்தேன். ஹாஜரா கீழே கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றார். நான் அஞ்சடியில் நின்றேன்.

"அவங்க அனுப்புனாங்களாண்ணே?"

"ஆமாம்மா."

"என்னவாம்?"

"பசிக்கலையாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "கல்யாணம் ஆன நாள்லேருந்து பசிக்குது பசிக்குதுன்னு அடுப்படி வாசல்லயே நின்ன மனுசன்" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "அண்ணே, ஒண்ணு கேக்கறேன். வடிவக்காவுக்கு நீங்க கை தூக்குனதை மேலேருந்து நான் பாத்தேன். மாசா மாசம் அதை நெனச்சுக்கிட்டுத்தான் ஜன்னலைத் தொறக்கறேன். அண்ணனால முடிஞ்சது என்னால முடியாதான்னு. கை வரமாட்டேங்குது. எங்கேருந்துண்ணே வந்துச்சு ஒங்களுக்கு அந்த நெஞ்சு?"

பத்து வருஷமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. எல்லாரும் பாராட்டத்தான் செய்தார்கள்.

"எனக்குக் கேக்கலம்மா" என்றேன்.

"என்ன கேக்கல?"

"வாசிச்சது. பாய்க்கு அந்தப் பேரை வாசிக்க வாய் வரல. ரொம்ப மெதுவா வாசிச்சாரு. நா குனிஞ்சு நாய் தீர்மானத்தை எழுதிக்கிட்டிருந்தேன். வாசிக்கிற சத்தம் நின்னா வலது கை பாட்டுக்கு எழுதும், இடது கை தானா மேல போகும். பதினஞ்சு வருசப் பழக்கம். நாய்க்குத் தூக்குன கைதாம்மா அது. நா நிமுந்து பாக்குறப்ப பதினோரு கையும் மேல இருந்துச்சு. எம் மொகத்தைப் பாத்துத்தான் எல்லாரும் தூக்குனாங்களாம்."

சந்தின் முனையில் டிராம் மணி அடித்து ஓய்ந்தது. ஹாஜரா கதவை முழுக்கத் திறந்தார். அத்தனை வருஷத்தில் அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

"யார்கிட்டயும் சொல்லலியா?"

"தெடமான மனுசன்னாங்க. இருந்துட்டேன்."

"பாவி மனுசா" என்றார். கோபம் இல்லை. சொந்த அண்ணனைச் சொல்வது போல இருந்தது. கொஞ்ச நேரம் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளுவதும் இழுப்பதுமாக நின்றார். "அடுத்த மாசமும் தள்ளி வைக்கலாம். வச்சிக்கிட்டே இருக்கலாம், விதியில எடம் இருக்கு. அசந்த நேரத்துல ஒருநா எங்கையும் அப்படிப் போயிடும், இல்லையா? ஏதோ சாக்கடைக்குத் தூக்குற மாதிரி." பிறகு, "வேணாம்ணே. நான் பாத்துத் தூக்கறேன்" என்றார்.

டிசம்பர் முதல் தேதி சனிக்கிழமை. நோன்புக்கு ஒரு வாரம் இருந்தது. தங்கராஜு கைலி முனையைப் பிடித்துக் கமாலுதீனை அழைத்து வந்தான். பின்னாலேயே ஹாஜரா அம்மிக் குழவியைச் சுமந்துகொண்டு வந்து, அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அதை அவர் மடியில் வைத்தார். சபைக் கூட்டத்தில் ஒரு பெண் பெஞ்சில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஆண்கள் இருமினார்கள். பத்தாம் எண் ஜன்னலிலிருந்து ரோஹானா, "நானும் எறங்கி வரவாலா?" என்று கத்தினார். "வாங்க, எடம் இருக்கு" என்றார் கமாலுதீன். முதல் பொருள் கிணற்றுக் கயிறு. நிறைவேறியது. இரண்டாவது ஒன்பதாம் எண் கூரையில் காட்டுப்புறா. நிறைவேறியது. மூன்றாவதை அவர் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்: ஏழாம் எண், கமாலுதீன், இறப்பு.

நான் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினேன். வலது கையைத் தூக்கினேன். மற்றவர்களும் தூக்கினார்கள். ஹாஜரா எங்கள் கைகளைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார். கண், தாடி, சட்டைப் பித்தான், கால் விரல்கள் வரைக்கும் பார்த்தார். அவசரப்படுத்த யாருக்கும் மனமில்லை. "உப்பு தூக்கல்னு சொல்லிச் சொல்லியே இருபத்தஞ்சு வருசம் ஓட்டிட்டீங்க" என்றார். "தூக்கலாத்தான் இருந்துச்சு" என்றார் கமாலுதீன். ஹாஜரா கையைத் தூக்கினார். வளையல்கள் முழங்கையை நோக்கி இறங்கின.

கமாலுதீன் அவர் தோளில் சாய்ந்தார். அந்தக் கணமே அவருடைய எடை முழுக்கத் திரும்பியது. நூற்றுப்பத்துக் காத்தி. பெஞ்சின் கால் மண்ணில் இரண்டு விரல் அளவு இறங்கியது. குழவி உருண்டு விழுந்தது. தோள் வலித்தும் ஹாஜரா நகரவில்லை. "எழுதிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார். "இல்லம்மா, பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். அவரைத் தூக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். மூன்று வருஷம் ஒரு நூலில் பிடித்து நடத்தியவரைத் தோளில் சுமந்தபோது தங்கராஜு விக்கி விக்கி அழுதான். லெப்பை வந்தார். மறுநாள் காலை அடக்கம். அன்று சந்தில் மழை பெய்யலாமா என்று யாரும் கூடிப் பேசவில்லை. பெய்யவில்லை.

அடுத்த கூட்டத்தில் ஹாஜராவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தோம். அவர் பொருள்களைப் பதினோரு வீட்டுக்கும் கேட்கும்படி வாசிப்பார். வாசித்து முடித்து, நான் நிமிர்ந்து பார்க்கும்வரை கைகளை எண்ண மாட்டார். இன்று பதினோரு வீட்டில் பழைய ஆட்கள் நாலு பேர்தான். நிரலில் நான் எழுதாத வரிகள் இன்னும் வருகின்றன. அதற்குத் தக்கபடி செய்கிறோம். எட்டாம் எண் என் பெயரில் இருக்கிறது, எனக்குப் பிள்ளை இல்லை. என் வரி வரும்போது அந்தக் கை யாருடையது என்று ஒரு பொருள் வந்தது. ஹாஜரா அதை அடுத்த கூட்டத்துக்கு வைத்திருக்கிறார். இதுவரை ஏழு முறை.

சனிக்கிழமை ஐந்தரை மணிக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ஆட்கள் தோளில் துண்டோடு எங்கள் சந்து வழியாக வீட்டுக்குப் போவார்கள். என்ன பேசிக்கொண்டிருந்தாலும் எழுந்து பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கி அவர்களுக்கு வழி விடுவோம். 1909லிருந்து அப்படித்தான். அதற்கு யாரும் இதுவரை தீர்மானம் போட்டதில்லை.